சரவணையில் ஒரு தோள்

தாம்போதியின் நடுவில் மினிபஸ் நின்றுபோனபோது முதலில் இறங்கியது ஓர் ஆடு. பின் இருக்கையில் ஒரு பெண்ணின் காலடியில் அதுவரை நல்ல பிள்ளையாக வந்த ஆடு, எஞ்சின் சூடேறிவிட்டது என்று சாரதி சொல்லி முடிப்பதற்குள் கதவால் குதித்துவிட்டது. யாழ்ப்பாணத்தைத் தீவுகளோடு சேர்க்கக் கடலுக்குள் கல்லைக் கொட்டிப் போட்ட வீதி அது. இரண்டு பக்கமும் முழங்காலளவு கடல், அதில் கொக்குகள், தலைக்கு மேல் வெயில். ஆட்டுக்கும் எங்களுக்கும் ஓடிப்போக இடமில்லை.

எங்கள் கிள்ளானில் பஸ் நின்றால் ஆளாளுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், சாரதியின் பரம்பரையை இழுப்பார்கள். இங்கே சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்த்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் எனக்கும் ஒரு பிடி புட்டும் மீன் பொரியலும் தந்தார். பிறகு என் சப்பாத்தையும் குடையையும் பார்த்து, "பிள்ளை எவடம்?" என்று கேட்டார். மலேசியா என்றேன். அப்பாவின் ஊர் சரவணை என்றேன்.

"சரவணையிலை ஆற்றை?" யாருடைய பிள்ளை என்று கேட்கிறார்.

எஞ்சின் ஆறுவதற்குள் பஸ் முழுவதும் சேர்ந்து என்னைச் சரியான குடும்பத்தில் கொண்டுபோய் ஒட்டிவிட்டது. "அப்ப நீர் சின்னத்துரையற்றை தம்பியின்ரை மகளெல்லே! கொண்ணன் பாதம்தானே தடுப்பிலை இருந்து வந்தவன். அவன்ரை கை…" என்று ஆட்டுக்காரி தொடங்கினாள். பாதம் என்பது என் பெரியப்பா சின்னத்துரையின் மகன். பெரியவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் பேச்சை விட்டுவிட்டு ஆட்டைப் பிடிக்கப் போனாள்.

இந்தியப் பட்டாளம் வந்திறங்கி, சண்டை ஓய்ந்தது என்று எல்லா வானொலியும் சொன்ன வருஷம் அது. அப்பாவின் அண்ணனுக்கு வயிற்றில் கட்டி. வீட்டுக்குக் கொண்டுபோய் விரும்பியதைக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். அப்பாவுக்குக் கப்பலும் ஏலாது, விமானமும் ஏலாது. அதனால் அவருடைய கண்ணாக என்னை அனுப்பினார். கிள்ளான் ஆஸ்பத்திரியில் நான் பிசியோதெரபி பார்க்கிறவள். ஒடிந்த எலும்பு பொருந்திய பிறகு அந்தக் கையையும் காலையும் மறுபடி வேலைக்குப் பழக்குவது என் தொழில். அது இந்தப் பயணத்தில் தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. நீண்ட விடுமுறை எடுத்து வந்திருந்தேன்.

பெரியப்பாவைப் படத்தில்தான் தெரியும். படத்தில் அவர் புகையிலைத் தோட்டத்தில் மண்வெட்டியோடு வாட்டசாட்டமாக நின்றார். கட்டிலில் கிடந்தவர் அந்த ஆளில் பாதிகூட இல்லை. என்னைக் கிட்டக் கூப்பிட்டு முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"தம்பியின்ரை மூக்கு. கொப்பர் சாப்பிடுறாரோ?"

"ஓம் பெரியப்பா. ரெண்டு கோப்பை சோறு."

"அவன் சின்னனிலையும் தின்னிதான்" என்று சிரித்தார். சிரிப்பு வயிற்றில் பிடித்துக் கொண்டது. நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானம் பூமணி மச்சாள் காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தாள். பாதம் அண்ணனின் மனைவி. நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை என்று கையில் கிடைத்ததெல்லாம் அதற்குள் கிடந்தது. பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் வார்த்துத் தந்தாள். எங்கள் ஊர் லக்சாவுக்கு இது தூரத்துச் சொந்தம் என்றேன். "அது என்ன சாமான்?" என்றாள். விளக்கினேன். மீன் குழம்பில் நூடில்ஸைப் போடுவதா என்று முகத்தைச் சுளித்தாள். உறைப்பில் எனக்குக் கண்ணும் மூக்கும் ஓடியதைப் பார்த்துத்தான் அவளுக்கு என்னைப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் அண்ணன் குடிப்பதைக் கவனித்தேன். பிளாவை இரண்டு கையாலும் நெஞ்சளவில் பிடித்துக்கொண்டு தலையைக் குனித்தார். கை வாய்க்கு வரவில்லை. வாய்தான் கைக்குப் போனது.

அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சம்பளம் எடுக்கப் போன இடத்தில் பிடித்து, தெற்கே ஒரு முகாமில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டுச் சித்திரையில் விட்டிருந்தார்கள். ஏன் பிடித்தார்கள், ஏன் விட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அங்கே நடந்ததை அவர் மனைவிக்கும் சொல்லவில்லை. கரும்பலகையில் எழுத முடியாததால் பிள்ளைகளை எழுதவைத்து, கதிரையில் உட்கார்ந்தபடி கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த நாள் காலை கிணற்றடியில் மச்சாள் அவருக்குத் தண்ணீர் வார்த்துவிட்டுப் போனபின் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நீர் உந்த வேலை படிச்சனீரெண்டு சித்தப்பா எழுதினவர். ஐயா கனநாள் இரார். நான் ஒரே பொடியன். கொள்ளிக்குடம் நான்தானே தூக்கவேணும். இந்தக் கை குடத்தைப் பிடிச்சுக்கொண்டு தோளிலை நிண்டாக் காணும். வேறை ஒண்டும் கேக்கேல்லை. செய்யேலுமோ?"

சிதையை மூன்று முறை சுற்றும்வரை தண்ணீர்க் குடம் தோளில் நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் குடத்தில் ஒரு துளை இடுவார்கள். தண்ணீர் முதுகில் வழியும். மூன்றாம் சுற்றில் குடத்தைப் பின்னால் விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் கொள்ளி வைக்க வேண்டும். ஒரு மகன் தகப்பனுக்குச் செய்யும் கடைசி வேலை. பங்காளி ஒருவரின் மகனைக் கொண்டு செய்விக்கலாம் என்று ஊரில் கதை தொடங்கியிருந்ததாம். அதைச் சொல்லும்போது அண்ணன் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடியும் என்று சொன்னேன். முடியுமா என்று எனக்கே தெரியாது.

கிள்ளானில் எனக்கு வேலை பழக்கிய சீனத்து அம்மா ஒருத்தி சொல்லுவாள்: கதையை ஆளிடம் கேட்காதே, தோளிடம் கேள். அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை. பாயில் மல்லாக்கப் படுக்கச் சொன்னேன். படுத்தார். கொஞ்ச நேரத்தில் நெற்றி வேர்த்து, எழும்பி உட்கார்ந்துவிட்டார். "இப்பிடிக் கிடத்தாதையும். செத்த பொடியளை அங்கை இப்பிடித்தான் வரிசையாக் கிடத்திறவங்கள்."

சரி, குப்புறப் படுங்கள் என்றேன். அதே நேரம் பார்த்து வானத்தில் ஹெலிகொப்டர். அண்ணன் பாயில் முகத்தைப் புதைத்தார். அடுப்படியில் நின்ற மச்சாள் குசினி வாசலில் குப்புற விழுந்தாள். வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டுக்காரியும் விழுந்த சத்தம் கேட்டது. நான் மட்டும் முற்றத்தில் பனைமரம் மாதிரி நின்றேன். இந்திய ஹெலிகொப்டர்தான், சும்மா பறந்து போனது. மச்சாள் எழும்பிச் சேலையைத் தட்டியபடி, "உது ஒண்டும் செய்யாதாம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். சமாதானச் செய்தி வானொலிக்கு வந்திருந்தது. உடம்புகளுக்கு இன்னும் வரவில்லை.

முழங்காலில் நிற்பதா? அதைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துப்போனது. என் படிப்பில் தோளுக்கு எழுதியிருந்த ஒவ்வொரு நிலையையும் எனக்கு முன்பே யாரோ அந்த உடம்பில் பாவித்து முடித்திருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று காட்டத்தான் ஆளில்லை.

கடைசியில் மாட்டுக்கொட்டிலின் சுவர் கைகொடுத்தது. கடல்கல்லால் கட்டிய சுவர், கல்லுக்குக் கல் பழைய சிப்பிகள் ஒட்டியிருந்தன. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சிப்பி சிப்பியாக ஏறவேண்டும். அதற்கு முன் மச்சாள் கடற்கரை மணலை வறுத்துச் சீலையில் முடிந்து தருவாள், நான் தோளுக்கு ஒத்தணம் கொடுப்பேன். கை நெஞ்சைத் தாண்டியதும் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொள்வார். மூச்சு நின்றதும் தோள் பூட்டிக்கொள்ளும்.

"மூச்சை விடுங்கோ அண்ணை."

"விட்டா நோகும்."

"நோகட்டும். விட்டுப்போட்டு ஏறுங்கோ."

சில நாள் ஒரு சிப்பி ஏறினார். சில நாள் இரண்டு இறங்கினார். குடம் பிடிக்க வேண்டிய கை மெல்ல மெல்லக் கழுத்தளவுக்கு வந்தது. உள்ளே பெரியப்பாவோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தார். கூழ் போய்க் கஞ்சியாயிற்று, கஞ்சி போய்த் தண்ணீராயிற்று. காலையில் எழும்பியதும் முதலில் அவருடைய மூச்சைக் கேட்பேன், பிறகு அண்ணனின் தோளைப் பார்ப்பேன். அவர் சாகிற நாளுக்காக இவரைத் தயார்ப்படுத்துகிறேன் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் எடுத்த சோற்றைக் கோப்பையிலேயே வைத்துவிடுவேன்.

அடுத்து நான் செய்ததுதான் பெரும்பிழை. எங்கள் ஆஸ்பத்திரியில் ஓர் ஆள் வெளியே போய் என்ன வேலை செய்யவேண்டுமோ, அதையே செய்து பழக்குவோம். துறைமுகத்துக் கூலிக்கு மூட்டை, சமையல்காரனுக்கு இரும்புச் சட்டி. இவர் தூக்கவேண்டியது குடம்தானே? குசினிக்குள்ளிருந்து சின்ன மண்குடம் ஒன்றை எடுத்து, பாதிக்குத் தண்ணீர் விட்டு, கொட்டிலுக்குப் பின்னால் அவர் தோளில் ஏற்றினேன். அண்ணன் ஒரு கணம் தயங்கினார். பிறகு பிடித்துக்கொண்டார். முழங்கை காதளவுக்கு வந்தது. நான் சந்தோஷத்தில் கை தட்டினேன்.

அந்த நேரம் பார்த்து மச்சாள் வைக்கோல் எடுக்க வந்தாள்.

"ஐயோ! உயிரோடை கிடக்கிற மனிசனுக்குக் குடம் தூக்கிப் பாக்கிறியளோ? இது என்ன வீடா, சுடலையா?"

குடத்தைத் தட்டிவிடுவாள் என்று பயந்தேன். அவள் தட்டவில்லை. உடைந்தால் அது இன்னும் கெட்ட சகுனம். இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்குகிற மாதிரிக் கவனமாக வாங்கி நிலத்தில் வைத்தாள். வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே இருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து மச்சாள் எனக்குச் சோறு போட்டாள், கறி விட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் இருக்க முடியாமல் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போனேன். அப்பாவின் நேர்த்தி ஒன்று பாக்கி இருந்தது. குறிகட்டுவானில் படகு பிடிக்க வேண்டும். படகு என்றால் எனக்குப் பினாங்குப் படகுதான் தெரியும். அதில் கார்கூட ஏறும். இதில் ஏறியது சனம், வாழைக்குலை, பால்மாப் பெட்டி, கோழி, நான். நடுக்கடலில் எஞ்சின் நின்றது. இந்த ஊரில் நான் ஏறுகிற எதுவும் நடுவழியில் நின்றே தீரும் போலிருக்கிறது. படகோட்டி ஸ்பானர் ஒன்றால் எஞ்சினின் தலையில் ஓங்கி ஒரு அடி போட்டார். "அம்மாளாச்சி!" என்று கிழவிகள் கூவினார்கள். இரண்டில் எதற்குப் பயந்ததோ, எஞ்சின் மறுபடி ஓடியது.

எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மூத்தவன் சுவிசிலை. இளையவன் இயக்கத்துக்குப் போயிட்டான்."

"அப்ப வீட்டிலை ஆர்?"

"இந்தக் கோழிதான்" என்று மடியில் இருந்ததைக் காட்டினாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கோயிலில் நெய்விளக்கு ஏற்றினேன். அன்னதானத்தில் சோறும் பூசணிக்காய்க் கறியும் மோரும். சாப்பாட்டில் குறையில்லை. அம்மனிடம் என்ன கேட்பது என்பதில்தான் தடுமாறிப்போனேன். பெரியப்பாவுக்கு இன்னும் சில நாள் கொடு என்று கேட்டால், அது அவருக்காகவா, அண்ணனின் தோளுக்காகவா? வலியில் கிடக்கிற மனிதரை என் வைத்தியம் முடியும்வரை நிறுத்திவை என்று கேட்பதா? ஒன்றும் கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நான் திரும்பியபோது வீட்டில் எல்லோரும் பெரியப்பாவின் அறையில் இருந்தார்கள். கட்டிலின் காலடியில் அந்த மண்குடம்.

அறையின் ஓலைத் தட்டிக்கு வெளியே நடந்த எல்லாமே அவருக்குக் கேட்டிருக்கிறது. மகனைக் கூப்பிட்டு, குடத்தை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். மச்சாள் மாட்டேன் என்று காலில் விழுந்திருக்கிறாள்.

"அழாதை பிள்ளை பூமணி. அண்டைக்கு நான் பாக்கமாட்டன்தானே" என்று பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார். குரல் காற்றாக வந்தது. "எல்லாரும் பாப்பினம். நான் மட்டும் பாக்கமாட்டன். இப்ப எனக்குக் காட்டட்டும்."

அண்ணன் குடத்தைத் தூக்கினார். நெஞ்சுக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. அங்கே நின்று நடுங்கியது. பெரியப்பாதான், "மூச்சை விடு" என்றார். என்னிடம் கேட்டுக் கேட்டுப் பாடமாகிவிட்டது அவருக்கு. அண்ணன் மூச்சை விட்டார். குடம் தோளில் ஏறியது. தண்ணீர் கொஞ்சம் தளும்பி அவர் முதுகில் வழிந்தது.

தகப்பன் மகனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த முகத்தில் இருந்ததைப் பெருமை என்றுதான் சொல்லவேண்டும். ஒரு மனிதன் தன் சாவீட்டைத் தானே பார்த்துத் திருப்திப்பட்டதை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன்.

"காணும். இது போதும்" என்றார்.

அதற்குப்பின் அவர் அதிகம் பேசவில்லை. ஒரு விடியற்காலையில் மச்சாள் அவர் வாயில் பால் விட, அது கடைவாயால் வழிந்தது.

சாவீட்டில் எனக்குத் தெரிந்த முறை ஒன்றும் இல்லை. அழத் தெரிந்தது, அழுதேன். பறை அடித்தார்கள், வாய்க்கரிசி போட்டார்கள், பந்தலுக்குள் ஊர் நெருங்கி நின்றது. கிள்ளானில் பெண்களும் வேனில் ஏறிச் சுடலைவரை போவோம். இங்கே வீட்டுச் சந்து திரும்புகிற ஒழுங்கை முடக்கோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். பாடை முடக்கில் திரும்பியது. குடத்தோடு முன்னே நடந்த அண்ணனின் முதுகு திரும்பியது. இத்தனை நாள் பாடுபட்ட தோள் தன் வேலையைச் செய்யும்போது நான் பார்க்க முடியாது. வீட்டுக்கு வந்து மற்றப் பெண்களோடு தலை முழுகி, கழுவிய முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். அயல்வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வந்தன. ஒருவரும் தொடவில்லை.

வெயில் சாயும் நேரம் ஆண்கள் ஈர வேட்டியோடு திரும்பி வந்தார்கள். வாசல் படலையடியில் கும்பல் விலகியது. நடுவில் அண்ணன். கை இன்னமும் மேலேதான் இருந்தது. முழங்கை காதோரம், உள்ளங்கை விரிந்தபடி. தோளில் குடமில்லை. இல்லாத குடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி நடந்து வந்தார்.

"மூண்டு சுத்தும் சுத்தினவன் பிள்ளை" என்று ஒரு பெரியவர் என்னிடம் வந்து சொன்னார். "ஆற்றை கையும் படேல்லை. குடத்தையும் முறையா விட்டவன். கைதான் கீழை வருகுதில்லை. நாங்கள் பிடிச்சா கத்திறான். அப்பிடியே நிக்கவைச்சுத்தான் தண்ணி வாத்தது."

நான் ஓடிப்போய் ஒரு கையை அவர் முழங்கைக்குக் கீழும், மற்றதை முதுகுப் பலகையிலும் வைத்தேன். தசை கல்லாக இருந்தது. மூச்சை விடுங்கோ அண்ணை என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே ஒழுங்கையைப் பார்த்தபடி, "இறக்கட்டோ?" என்று மெல்லக் கேட்டார்.

"இறக்குங்கோ அண்ணை."

கை அசையவில்லை. மறுபடி கேட்டார். "இறக்கட்டோ, சேர்?"

சேர் என்று அவர் கேட்டது என்னையல்ல, முகாமில் காவல் நின்ற ஒருவனை. அண்ணன் அதே குரலில், வகுப்பில் கணக்குச் சொல்லுகிற மாதிரி, சொல்லத் தொடங்கினார். "கையை உயத்திக்கொண்டு நிக்கவேணும். அவங்கள் சொல்லாமல் இறக்கேலாது. இறக்கினா ரெண்டு கையையும் கட்டி, கூரை வளையிலை தொங்கவிடுவாங்கள். நான் இறக்கிப்போட்டன். நித்திரையிலை இறக்கிப்போட்டன், சேர்."

எனக்குத் தெரிந்த வைத்தியம் அதோடு முடிந்துபோனது. இறக்கலாம் என்று நான் சொன்னால் அவருக்குக் கேட்காது. நான் அந்த வீட்டுக்கு வந்துபோகிறவள். பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

மச்சாள் முற்றத்திலிருந்து எழும்பி வந்தாள். முழுகிய தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த ஊரில் புருஷனும் பெண்சாதியும் தெருவில் பக்கம் பக்கமாக நடப்பதைக்கூட நான் கண்டதில்லை. அவள் பெரியவரை விலக்கிக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க, அவருடைய கைக்குக் கீழே வந்து நெஞ்சோடு நெஞ்சாக நின்றாள்.

"பாருங்கோ, நான் பூமணி" என்றாள். "என்ரை தோளிலை இறக்குங்கோ."

பிறகு என் விரல்களுக்கு அடியில் தசை துடித்தது. ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அவளுடைய தோளில் பாரமாக விழுந்தது. அண்ணன் அவள் தலையில் முகத்தை வைத்து, "ஐயா போயிட்டார், பூமணி" என்று வாய்விட்டு அழுதார். அவள் அசையாமல் தாங்கிக்கொண்டு நின்றாள்.

நான் என் கைகளை எடுத்துக்கொண்டேன்.